டாக்டர் பட்டமும் பேராசிரியர் உத்தியோகமும்

நம் வீடுகளில் ஒரு பிள்ளை மேல்படிப்புக்கு வெளிநாடு போகப்போகிறதென்று தெரிந்தவுடன், பந்துமித்திரர்கள் கேட்கும் முதற் கேள்வி "எந்தச் சர்வகலாசாலை?" என்பதுதான். பதில் ஹார்வர்டு என்றோ ஸ்டான்போர்டு என்றோ வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது. ரோச்செஸ்டர் என்று வந்தால், "அது எங்கே இருக்கிறது?" என்கிறார். அயோவா என்று வந்தாலோ, அவர் மெள்ளப் பேச்சை மாற்றி, அந்தப் பக்கத்தில் குளிர் அதிகமோ என்று விசாரிக்கத் தொடங்குகிறார். பெயருக்கு உள்ள மகிமை அப்படிப்பட்டது.

பி.ஏ. படிப்புக்கு இந்த அளவுகோல் ஓரளவு செல்லும், எம்.பி.ஏ. படிப்புக்கும் செல்லக்கூடும். ஆனால் நிதி சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பிறகு ஒரு கலாசாலையில் பேராசிரியராக அமர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, இதைப் போல் ஏமாற்றக்கூடிய அளவுகோல் வேறில்லை என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பங்கள் டிசம்பர் மாதத்தை ஒட்டிப் போகின்றன. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பதில்கள் வருகின்றன. ஏப்ரல் 15ந் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தச் சில வாரங்களுக்குள் ஓர் இளைஞனோ யுவதியோ தன் வாழ்வின் ஐந்தாறு வருஷங்களை யார் கையில் ஒப்படைப்பது என்று நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய முடிவை எதிர்வீட்டுக்காரரின் புருவத்தைப் பார்த்துச் செய்யலாமா?

இது என்ன படிப்பு?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிடுவோம். நிதி சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் என்பது எம்.பி.ஏ. கட்டடத்தின் மேல் எழுப்பிய இரண்டாவது மாடி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பங்கு மார்க்கெட்டில் பணம் பண்ணும் வித்தையை அங்கே ரகசியமாகச் சொல்லித் தருகிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. பங்குகளின் விலை ஏன் ஏறி இறங்குகிறது, ஒரு கம்பெனி கடன் வாங்குவது நல்லதா, பங்கு விற்பது நல்லதா, பாங்குகள் ஏன் முறிகின்றன, சாதாரணக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பை எவ்வாறு வைத்திருக்கின்றன என்பன போன்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு, இதுவரையில் ஒருவரும் சொல்லாத ஒன்றைக் கண்டு சொல்லவேண்டிய படிப்பு இது. இதற்கு எம்.பி.ஏ. பட்டம் வேண்டுமென்ற நிபந்தனை பெரும்பாலான இடங்களில் இல்லை. ஆனால் கணிதமும் புள்ளி விவர சாஸ்திரமும் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

முதல் இரண்டு வருஷம் பாடங்கள். பொருளாதார தத்துவம், எகனாமெட்ரிக்ஸ், சொத்து விலை நிர்ணயம், கம்பெனி நிதி என்று அவை வரிசையாக வரும். அவற்றின் முடிவில் ஒரு பெரிய பரீட்சை. அதில் தேறினால்தான் மேலே ஆராய்ச்சி; தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷமோ நாலு வருஷமோ சொந்த ஆராய்ச்சி. ஒரு கலாசாலையில் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர் முதல் ஐந்தாறு பேர் வரையில்தான். நம் ஊர்க் கல்லூரியில் ஒரு பெஞ்சியில் உட்காருகிறவர்களின் தொகை!

நல்ல கலாசாலைகளில் இந்தப் படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. அவர்களே மாதந்தோறும் உபகாரச் சம்பளம் தருகிறார்கள். ஆகையால் தகப்பனார் நிலத்தை விற்க வேண்டாம். தாயார் நகையைக் கழற்ற வேண்டாம். இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நஷ்டம் என்ன, போய்ப் பார்க்கட்டுமே!" என்று தோன்றும். இந்தப் படிப்பில் செலவாகிற நாணயம் வயது. இருபத்து மூன்று வயதில் போகிறவன் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் வெளியே வருகிறான். அவனுடன் படித்தவர்கள் அதற்குள் பாங்கிகளிலும் கம்பெனிகளிலும் ஆறு வருஷச் சம்பளம் வாங்கி, வீட்டுக்குத் தவணை கட்டத் தொடங்கியிருப்பார்கள். போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். போன வருஷங்களுக்கு ரசீது கூடக் கிடையாது.

கிராக்கியும் படிகளும்

இவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே வந்தால் உத்தியோகம் கிடைக்குமா? சரித்திரத்திலோ இலக்கியத்திலோ டாக்டர் பட்டம் பெற்றவர்களைக் காட்டிலும் நிதி சாஸ்திரம் படித்தவர்கள் பாக்கியசாலிகள் என்பதில் சந்தேகமில்லை. வர்த்தகக் கலாசாலைகளில் மாணவர் கூட்டம் அதிகம். அவர்கள் கட்டும் சம்பளமும் அதிகம். அங்கீகாரம் வழங்கும் சபைகள் ஆசிரியர்களின் தகுதியைக் கவனித்து வருகின்றன. நியூயார்க் நகரத்து முதலீட்டுக் கம்பெனிகளும் இதே ஆட்களை இழுக்கின்றன. இக்காரணங்களால் இத்துறை உதவிப் பேராசிரியரின் சம்பளம் மற்ற அநேகத் துறைகளைவிட உயர்ந்து நிற்கிறது.

ஆனால் இந்தப் பாக்கியம் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2015-ம் வருஷத்தில் 'ஸயன்ஸ் அட்வான்ஸஸ்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் கம்ப்யூட்டர், வர்த்தகம், சரித்திரம் ஆகிய மூன்று துறைகளில் ஏறக்குறைய 19,000 ஆசிரியர்கள் எங்கே படித்து எங்கே அமர்ந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். கலாசாலைகளில் நாலில் ஒரு பங்கே, ஆசிரியர்களில் நூற்றுக்கு 71 முதல் 86 பேர் வரையில் தயார் செய்து அனுப்பியிருக்கிறது என்று தெரிந்தது. தாம் படித்த இடத்தைவிட உயர்ந்த இடத்தில் உத்தியோகம் பெற்றவர்களோ நூற்றுக்கு 9 முதல் 14 பேர் வரையில்தான். அதாவது, இந்தப் படிக்கட்டில் பெரும்பாலோர் படித்த படியிலிருந்து கீழே இறங்குகிறார்களேயன்றி மேலே ஏறுவதில்லை. ஆகவே எந்தப் படியில் கால் வைக்கிறோம் என்பது முக்கியமான விஷயம்.

"அப்படியானால் பெயர்தானே பெரிது? நாங்கள் சொன்னதே சரி!" என்று பந்துமித்திரர்கள் மார்தட்டலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். இங்கே படி என்பது நிதித் துறையின் படி. சர்வகலாசாலையின் வாசலில் தொங்கும் பலகை அல்ல. முன்னே சொன்ன ரோச்செஸ்டரையே எடுத்துக்கொள்வோம். நம்மவர் பலர் காதில் விழாத பெயர். 'ஜர்னல் ஆப் பைனான்ஷியல் எகனாமிக்ஸ்' என்ற பத்திரிகை 1974-ல் தொடங்கி, நெடுங்காலம் அந்த ஊரிலிருந்தே நடத்தப்பட்டு வந்தது. பங்கு விலை ஆராய்ச்சியில் யூஜின் பாமாவின் பெயரோடு இணைபிரியாமல் வழங்கும் கென்னத் பிரெஞ்ச் 1983-ல் டாக்டர் பட்டம் பெற்றது அங்கேதான். ஓஹையோ ராஜாங்க சர்வகலாசாலையையும் நம் வீட்டுத் திண்ணையில் யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் 'ஜர்னல் ஆப் பைனான்ஸ்' பத்திரிகைக்கு 1988 முதல் 2000 வரையில் ஆசிரியராக இருந்த ரெனே ஸ்டல்ஸ் அந்தக் கலாசாலையைச் சேர்ந்தவர். உலகப் பிரசித்தி பெற்ற சில சர்வகலாசாலைகளில் நிதித் துறை மிகச் சிறியதாக இருப்பதும் உண்டு. ஊர்ப் பெயர் வேறு. துறைப் பெயர் வேறு.

ஆனால் பழைய புகழும் ஒரு பெயர்ப் பலகைதான். இருபது வருஷத்துக்கு முன் மேதைகள் இருந்தார்கள் என்பது இன்று சேருகிற மாணவனுக்குச் சோறு போடாது. அவனுக்கு வேண்டியது சென்ற ஐந்து வருஷத்துச் சங்கதி.

ஜாபிதாவை அடியிலிருந்து படியுங்கள்

அந்தச் சங்கதியை அறிய ஒரு சாதனம் இருக்கிறது. ஒவ்வொரு கலாசாலையும் தன்னிடம் பட்டம் பெற்றவர்கள் முதன்முதலாக எங்கே உத்தியோகத்தில் அமர்ந்தார்கள் என்று ஒரு ஜாபிதா வெளியிடுகிறது. பிளேஸ்மெண்டு ஜாபிதா என்று அதற்குப் பெயர். நமது கல்யாண ஏற்பாடுகளில் ஜாதகம் எப்படியோ, அப்படி இதற்கு இந்த ஜாபிதா. ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர்கள் அதிலுள்ள நல்ல கட்டங்களை மட்டும் பார்ப்பதில்லையல்லவா?

பெரும்பாலோர் ஜாபிதாவின் உச்சியில் கண்ணை வைத்து நிறுத்திவிடுகிறார்கள். நாலு வருஷத்துக்கு முன் ஒருவர் சிக்காகோவுக்குப் போனார் என்று கண்டதும் தம் பிள்ளையும் அங்கே போய்விட்டதாக எண்ணிப் பூரித்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு மூன்று பேர் சேரும் இடத்தில் ஐந்து வருஷத்துக்குப் பதினைந்து பேர்தான். அவர்களில் ஒருவர் அபார மேதையாக அமைந்துவிட்டால் அது கலாசாலையின் சாமர்த்தியமா, அவருடைய சாமர்த்தியமா என்று சொல்ல இயலாது. ஆகையால் ஜாபிதாவை அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும் என்பது நமது யோசனை. நடுவில் இருப்பவர் எங்கே போனார்? கடைசியில் இருப்பவர் எங்கே போனார்? அந்தக் கடைசி உத்தியோகம் கிடைத்தால் நம் பிள்ளை சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுமா? 'ஆம்' என்ற பதில் மனப்பூர்வமாக வருமானால் அந்த இடத்துக்குத் தைரியமாகப் போகலாம்.

இதற்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. ஜாபிதாவில் உள்ளவர்களை எண்ணுவது எளிது. இல்லாதவர்களை எண்ணுவதுதான் முக்கியம். வருஷத்துக்கு மூன்று பேர் வீதம் ஐந்து வருஷத்தில் பதினைந்து பேர் சேர்ந்திருக்க வேண்டும். ஜாபிதாவிலோ ஒன்பது பெயர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஆறு பேர் என்ன ஆனார்கள்? பரீட்சையில் தவறினார்களா, மனம் சலித்துப் போனார்களா, அல்லது வேறு நல்ல உத்தியோகம் கிடைத்துத் தாமாகவே விலகினார்களா? அச்சிட்ட ஜாபிதா இதைச் சொல்லாது. கேட்டால்தான் தெரியும். கேட்பதில் தவறும் இல்லை. பெண் கொடுக்கும்போது பத்து வீடு விசாரிக்கிற நாம், ஆறு வருஷத்தைக் கொடுக்கும்போது ஏன் கூச்சப்பட வேண்டும்?

உத்தியோகத்தின் பெயரையும் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'உதவிப் பேராசிரியர்' என்பது ஒன்று. 'வருகைப் பேராசிரியர்' என்பது வேறு. முன்னதில் சேர்கிறவருக்கு வழக்கமாக ஆறு வருஷம், சில பெரிய இடங்களில் அதற்கு மேலும் தவணை கொடுத்து, பிறகு அவருடைய ஆராய்ச்சியை எடைபோட்டு நிரந்தரமாக்குகிறார்கள். இதற்கு டென்யூர் என்று பெயர். பின்னது ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தங்குவதற்கான சத்திரம். ஜாபிதாவில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

குரு யார்?

ஜாபிதாவுக்கு அடுத்தபடி, சொல்லப்போனால் அதற்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது குருவை. இந்தப் படிப்பில் குரு என்பவர் வகுப்பெடுத்துவிட்டுப் போகிறவர் அல்லர். எந்தக் கேள்வியை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லுகிறவர் அவர். கடைசியில் உத்தியோகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவரும் அவர்தான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் வில்லியம் ஷார்ப் என்பவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்து வந்தார். ஒரே கம்பெனியின் பிரிவுகள் தங்களுக்குள் சரக்கு மாற்றிக்கொள்ளும்போது என்ன விலை வைப்பது என்பது அவர் முதலில் எடுத்துக்கொண்ட விஷயம். ஜாக் ஹிர்ஷ்லைபர் என்ற பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, இதில் அவ்வளவு சாரமில்லை என்று கூறிவிட்டார். அப்போது பிரெட் வெஸ்டன் என்ற மற்றொரு பேராசிரியர், ஹாரி மார்க்கோவிட்ஸைப் போய்ப் பார்க்கும்படி யோசனை சொன்னார். மார்க்கோவிட்ஸ் அந்தச் சர்வகலாசாலையில் ஆசிரியரே அல்லர். ஷார்ப் வேலை பார்த்து வந்த ராண்டு ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் இருந்தார். அவர் சொன்ன வழியில் ஷார்ப் 1961-ல் ஆராய்ச்சியை முடித்துப் பட்டம் பெற்றார். அதிலிருந்து கிளைத்த கட்டுரைக்குப் பரிசீலனை செய்தவர் முதலில் பாதகமாகவே அபிப்பிராயம் சொன்னார். எனினும் அது 1964-ல் 'ஜர்னல் ஆப் பைனான்ஸ்' பத்திரிகையில் வெளியாயிற்று. 1990-ல் குருவும் சிஷ்யரும், மெர்ட்டன் மில்லர் என்பவருடன் சேர்ந்து நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சரியான வேளையில் ஒரு பேராசிரியர் "அது வேண்டாம்" என்றும், மற்றொருவர் "அவரிடம் போ" என்றும் சொல்லியிராவிட்டால்?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "அங்கே பெரிய மனிதர்கள் யார் இருக்கிறார்கள்?" என்பது மட்டும் அன்று. அந்தப் பெரிய மனிதர் சென்ற ஐந்து வருஷத்தில் எத்தனை மாணவர்களுக்கு வழிகாட்டினார், அவர்கள் எங்கே போனார்கள், மாணவன் எழுதிக் கொடுத்ததை அவர் படிக்கிறாரா, அல்லது மேல்நாடு கீழ்நாடு என்று பறந்துகொண்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். பேராசிரியர்கள் கலாசாலை மாறுவது அமெரிக்காவில் சர்வ சாதாரணம். ஒரே ஒருவரை நம்பிப் போனால், அவர் மூன்றாம் வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விடக்கூடும். நம் பிள்ளைக்குப் பிடித்த துறையில் குறைந்தது இரண்டு மூன்று பேராவது இருக்கும் இடமே உத்தமம். அவர்களில் டென்யூர் பெற்றவர் ஒருவரேனும் இருப்பது அவசியம்.

சந்தை நாள்

கடைசி வருஷத்தில் நடப்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. சந்தை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாணவன் தன் ஆராய்ச்சியில் மிகச் சிறந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கான கலாசாலைகளுக்கு விண்ணப்பம் போடுகிறான். 1939-ல் தோன்றிய அமெரிக்க நிதி சாஸ்திர சங்கம் ஜனவரி மாத முதல் வாரத்தில் மகாநாடு கூட்டுகிறது. அந்த மகாநாட்டு ஹோட்டல்களில்தான் முன்னெல்லாம் முதற் பேட்டிகள் நடந்து வந்தன. 2020-ம் வருஷத்துத் தொற்று நோய்க்குப் பிறகு, முதற் பேட்டிகள் பெரும்பாலும் கம்ப்யூட்டர்த் திரையிலேயே நடக்கின்றன. அதில் தேறினவர்களைக் கலாசாலைக்கே வரவழைக்கிறார்கள். அங்கே சுமார் ஒன்றரை மணி நேரம் கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும். சபையில் உள்ளவர்கள் மூன்றாவது வாக்கியத்திலேயே குறுக்கிட்டுக் கேள்வி போடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு நாள் முழுதும் ஒவ்வொருவர் அறையிலும் சம்பாஷணை. இரவு விருந்திலும் பரீட்சைதான். சாப்பிடுகிற பாவனையில் அது நடக்கும்.

இந்தச் சபையில் நிற்கும் தைரியம் ஒரே நாளில் வந்துவிடாது. வாரந்தோறும் வெளியூர் அறிஞர்களை அழைத்துப் பேசச் செய்யும் கலாசாலையில் படித்தவன் அதைப் பார்த்துப் பார்த்தே பழகுகிறான். மாணவர்களே பேசிப் பழகுவதற்கு வாரம் ஒரு நாள் ஒதுக்கும் இடங்களும் உண்டு. உத்தியோகம் தேடும் வருஷத்தில் ஒத்திகைப் பேட்டி வைத்து, சிநேகிதர்களுக்கு டெலிபோனில் பேசி, தம் மாணவனுக்காகப் பாடுபடும் பேராசிரியர்களும் உண்டு. "அது உன் பாடு" என்று கைகழுவுகிறவர்களும் உண்டு. ஜாபிதா நன்றாக அமைவதற்கு இந்த வித்தியாசம் ஒரு பெரிய காரணம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெரும்பாலான கலாசாலைகள் இடம் கொடுத்தவர்களை மார்ச்சு மாதத்தில் நேரிலோ திரை மூலமாகவோ அழைத்துப் பேசுகின்றன. அப்போது பேராசிரியர்கள் எல்லாரும் இனிமையாகவே பேசுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வரப்போகிற மருமகளிடம் மாமியார் இனிமையாகப் பேசுவது உலக வழக்கம். உண்மை தெரிய வேண்டுமானால் நாலாம் வருஷத்து, ஐந்தாம் வருஷத்து மாணவர்களைத் தனியே கேட்க வேண்டும். கேட்க வேண்டியவை பெரிய ரகசியங்கள் அல்ல:

பெரிய பரீட்சையில் சென்ற சில வருஷங்களில் எத்தனை பேர் தவறினார்கள்? மறுமுறை எழுத இடம் உண்டா?

உபகாரச் சம்பளம் எத்தனை வருஷத்துக்கு நிச்சயம்? ஐந்து வருஷத்தோடு நின்றுவிட்டால் ஆறாம் வருஷத்துக்கு வழி என்ன? கோடை மாதங்களுக்கும் உண்டா? வைத்திய இன்ஷூரன்ஸ் சேர்ந்ததா?

அந்தத் தொகையில் அந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடியுமா? நியூயார்க்கில் பற்றாத பணத்தில் சிறு நகரம் ஒன்றில் கௌரவமாகக் காலம் தள்ளலாம். உதாரணத் தொகை பெரியது என்று மயங்காமல், வாடகை போக மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும்.

எத்தனை வகுப்புகள் நடத்த வேண்டும்? ஒரு வகுப்பு நடத்துவது பயிற்சி. வருஷந்தோறும் பல வகுப்புகள் நடத்துவது ஆராய்ச்சிக்குச் சத்துரு.

கம்பெனிகள், பங்கு விலைகள் பற்றிய கணக்குகளுக்குக் கலாசாலை சந்தா கட்டியிருக்கிறதா? சிக்காகோ சர்வகலாசாலையில் 1960-ல் தொடங்கிய ஒரு நிலையம், நியூயார்க் பங்கு மார்க்கெட்டின் விலைகளை 1926-ம் வருஷத்திலிருந்து சேகரித்து வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கணக்குகள் இல்லாமல் இத்துறையில் ஆராய்ச்சி செய்வது, நெல் இல்லாமல் அரிசி ஆலை நடத்துவது போலாகும்.

நமது தேசத்திலிருந்து போகிறவர்கள் விசா விஷயத்தையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி விசாவுக்குள்ள வருஷாந்தர எண்ணிக்கை வரம்பு சர்வகலாசாலைகளுக்கு இல்லை. இது பேராசிரியர் உத்தியோகத்தின் ஓர் அநுகூலம். ஆனால் 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பிறந்த ஓர் உத்தரவு, புதிய விண்ணப்பங்களில் ஒரு பகுதிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்றது. ஆறு வருஷத்துக்குப் பின் என்ன விதி இருக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் லண்டன், பாரிஸ், சிங்கப்பூர், ஹாங்காங் முதலிய இடங்களிலுள்ள கலாசாலைகளும் இந்தச் சந்தையிலிருந்தே ஆட்களை எடுக்கின்றன என்பதை நினைவில் வைப்பது நல்லது. ஜாபிதாவில் அவ்வூர்களின் பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

திரும்பி வர நினைப்போர்

"படித்துவிட்டு இங்கேயே வந்து கற்பிக்கலாகாதா?" என்று கேட்கும் பெற்றோர்கள் உண்டு, மாணவர்களும் உண்டு. நல்ல எண்ணம். 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கிய இந்திய நிர்வாகக் கழகங்கள் இன்று இருபதுக்கு மேற்பட்டுப் பெருகியிருக்கின்றன. அவற்றில் நல்ல ஆசிரியர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அக்கழகங்களிலேயே டாக்டர் பட்டத்துக்கும் படிக்கலாம். முன்பு 'பெல்லோ' என்ற தகுதியையே அவை வழங்கி வந்தன; 2017-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு பட்டமே வழங்குகின்றன. உள்நாட்டிலேயே கற்பிப்பதுதான் லட்சியம் என்று ஒருவர் உறுதி செய்துவிட்டால், அந்த வழியையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கிருந்து அமெரிக்கக் கலாசாலைகளுக்குப் போகும் பாதை குறுகலானது. அமெரிக்காவிலிருந்து இங்கே வரும் பாதையோ அகலமானது. இதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

போய் வந்தவர்களின் சரித்திரமும் நம் கண்முன் இருக்கிறது. ஸ்ரீ ரகுராம் ராஜன் 1991-ல் மாஸசூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அதே வருஷம் சிக்காகோவில் ஆசிரியரானார். 2013 முதல் 2016 வரையில் நமது ரிஸர்வ் பாங்கியின் கவர்னராக இருந்துவிட்டு, மீண்டும் கற்பிக்கப் போனார். ஸ்ரீ விரால் ஆசார்யா 2001-ல் நியூயார்க் சர்வகலாசாலையில் பட்டம் பெற்று லண்டனில் ஆசிரியராகத் தொடங்கினார். 2017 முதல் 2019 வரையில் அதே பாங்கியில் டெபுடி கவர்னராக இருந்தார். எல்லாரும் கவர்னராகப் போவதில்லை. ஆனால் கற்ற வித்தை தேசத்துக்கு உபயோகப்படுவதற்கு ஒரே ஒரு வாசல்தான் என்பதில்லை.

ஒரே ஒரு கடிதம் வந்தால்

இவ்வளவு யோசனைகளும் இரண்டு மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்தவர்களுக்குப் பொருந்தும். ஒரே ஒரு கடிதம் வந்தவர்கள் என்ன செய்வது? அவர்களும் அதே ஜாபிதாவை அதே மாதிரி அடியிலிருந்து படிக்க வேண்டும். கடைசி உத்தியோகம் மனத்துக்கு ஒப்பினால் போகலாம். ஒப்பாவிட்டால் ஒரு வருஷம் ஏதேனும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்து, கணிதத்தைப் பலப்படுத்திக்கொண்டு மறுபடி விண்ணப்பம் போடலாம். இருபத்து நாலாவது வயதில் ஒரு வருஷம் காத்திருப்பது, முப்பதாவது வயதில் ஆறு வருஷத்தை நினைத்து வருந்துவதைவிட மேலானது.

ஒரே கடிதம் என்பது அதிர்ஷ்டக் குறைவு என்றும் கருத வேண்டியதில்லை. ராபர்ட் மெர்ட்டன் கணிதம் படிப்பதை விட்டுவிட்டுப் பொருளாதாரத்துக்கு மாற விரும்பிப் பல சர்வகலாசாலைகளுக்கு எழுதினார். இடம் கொடுத்தது மாஸசூஸெட்ஸ் கழகம் ஒன்றுதான். அங்கே பால் சாமுவேல்சன் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். 1970-ல் டாக்டர் பட்டம். 1997-ல் நோபல் பரிசு. வந்த கடிதம் ஒன்றானாலும் வாய்த்த குரு நல்லவர்.

ஆகையால் இந்த வருஷம் வீட்டில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இத்தகைய கடிதங்களை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பெற்றோர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: "எந்தச் சர்வகலாசாலை?" என்று கேட்பதை ஒரு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். "அங்கே படித்தவர்கள் எங்கே போனார்கள்? போகாதவர்கள் என்ன ஆனார்கள்? உனக்கு வழிகாட்டப் போகிறவர் யார்?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகு ஊரின் பெயர் அயோவாவாக இருந்தால்தான் என்ன? குளிருக்குக் கம்பளிச் சட்டை கடையில் கிடைக்கிறது.